விபத்தில் அடிபட்டவருக்கு டிரனெக்ஸா ஊசி: ஆம்புலன்ஸிலேயே போட்டுவிடலாமா?

காவேரிக்கரை_டாக்டர்:
பைபாஸ் ஓரத்தில் இருக்கும் சின்ன மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருக்கிறேன். பைக் கேஸ் வராத ராத்திரி கிடையாது. என் கட்சி இதுதான்: உள்ளுக்குள் ரத்தம் போகிறது என்று சந்தேகம் வந்தாலே ஆம்புலன்ஸில் வைத்தே 1 கிராம் டிரனெக்சாமிக் அமிலம் (சுருக்கமாக டிரனெக்ஸா) ஏற்றிவிட வேண்டும். கொண்டுவந்து, ஸ்கேன் எடுத்து, சர்ஜன் வந்து பார்த்து, அப்புறம் போடலாம் என்று காத்திருப்பது தப்பு.

ஆதாரம், 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கிராஷ்-2 ஆய்வு. 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 நோயாளிகள். நம் நாட்டு மருத்துவமனைகளும் அதில் உண்டு. மருந்து பெற்றவர்களில் 14.5 சதவீதம் பேர் இறந்தார்கள், போலி மருந்து (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தில்லாத ஊசி) பெற்றவர்களில் 16 சதவீதம். அடுத்த ஆண்டு அதையே நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அடிபட்ட 1 மணி நேரத்துக்குள் போட்டவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 5.3 சதவீதம், போடாதவர்களில் 7.7. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் என்றால் 4.8, 6.1. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பைக்_பாலா:
டாக்டர் சார், நான் இந்தத் துறை இல்லை. என் தங்கைக்கு மாதவிடாய் அதிகமாகப் போனபோது டிரனெக்சாமிக் என்று ஏதோ மாத்திரை கொடுத்தார்கள். அதுவேதானா இது? ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தா?

காவேரிக்கரை_டாக்டர்:
அதுவேதான் தம்பி. ஆனால் உறைய வைப்பதில்லை, உறைந்ததைக் கரையவிடாமல் பிடித்து வைக்கிறது. காயம் பட்டதும் உடம்பு ஃபைப்ரின் இழைகளால் ஓட்டையை அடைக்கிறது. பிளாஸ்மின் என்ற நொதி அந்த இழைகளை வெட்டிக் கரைக்கும். பலத்த அடி பட்டவர்களில் சிலருக்கு இந்த வெட்டும் வேலை முதல் சில நிமிடங்களிலேயே கட்டுமீறிப் போய்விடுகிறது. அதைத்தான் இந்த மருந்து தடுக்கிறது. 1960களில் ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும் கண்டுபிடித்தது. பிரசவ ரத்தப்போக்கில் பெண்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் முக்கியக் கவலை.

அரைநம்பிக்கை:
நான் டாக்டர் இல்லை, மருந்து ஆய்வுகளுக்குப் புள்ளியியல் பார்ப்பவன். டாக்டர் சொன்ன எண்கள் எல்லாம் சரி. சொல்லாமல் விட்டவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, அதே நேரவாரிக் கணக்கில் மூன்றாவது வரி ஒன்று இருக்கிறது. 3 மணி நேரம் கழித்துப் போட்டவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 4.4 சதவீதம், போடாதவர்களில் 3.1. அதாவது தாமதமாகப் போட்டால் தீங்கு.

அடுத்தது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது. கிராஷ்-2இல் மருந்து பெற்றவர்களில் 50.4 சதவீதம் பேருக்கு ரத்தம் ஏற்றினார்கள், மற்றவர்களில் 51.3. கிட்டத்தட்ட ஒன்றுதான். ரத்தப்போக்கைக் குறைக்கிற மருந்து என்றால் ரத்தம் ஏற்றும் தேவையும் குறைய வேண்டாமா? இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

காவேரிக்கரை_டாக்டர்:
> ரத்தம் ஏற்றும் தேவையும் குறைய வேண்டாமா?

செத்துப்போனவருக்கு யாரும் ரத்தம் ஏற்றமாட்டார்கள் நண்பரே. மருந்தால் பிழைத்தவர் உயிரோடு இருப்பதால்தான் அவருக்கு இரண்டு பாட்டில் ஏறுகிறது. அப்புறம், ரத்தம் ஏற்றலாமா என்று வந்த உடனேயே கண்ணால் பார்த்து முடிவெடுக்கிறோம். மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு இல்லை.

அரைநம்பிக்கை:
இருக்கலாம். ஆனால் அது விளக்கம்தான், நிரூபணம் இல்லை. அந்தத் தரவை வைத்து உங்கள் விளக்கத்தையும் நிரூபிக்க முடியாது, என் சந்தேகத்தையும் நிரூபிக்க முடியாது.

நீங்கள் கேட்பது ஆம்புலன்ஸில் போடலாமா என்று. கிராஷ்-2 நடந்தது மருத்துவமனைக்குள். உங்கள் கேள்வியையே நேராகக் கேட்ட ஆய்வு பேட்ச். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜெர்மனியில் 1,310 பேரிடம் நடந்தது, 2023இல் வெளியானது. ஆம்புலன்ஸ் குழுவே முதல் ஊசியைப் போட்டது. ஆறு மாதம் கழித்து ஓரளவு தன் காலில் நின்று வாழும் நிலையில் இருந்தவர்கள்: மருந்துக் குழுவில் 53.7 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 53.5. முடிந்தது கதை.

காவேரிக்கரை_டாக்டர்:
முடியவில்லை. அதே பேட்சில் 28ஆம் நாள் இறப்பைப் பாருங்கள். மருந்துக் குழுவில் 17.3, மற்றதில் 21.8. நூறு பேருக்கு நாலு பேருக்கு மேல் கூடுதலாக உயிரோடு இருக்கிறார்கள்.

அரைநம்பிக்கை:
அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். உயிர் பிழைத்தவர் எண்ணிக்கை கூடியது, நல்ல நிலையில் இருப்பவர் எண்ணிக்கை கூடவில்லை. அப்படியென்றால் கூடுதலாகப் பிழைத்தவர்கள் எந்த நிலையில் பிழைத்தார்கள்? பெரும்பாலும் கடுமையான ஊனத்தோடு. ரத்தக்குழாய் அடைப்பு 23.6 சதவீதம், மற்ற குழுவில் 19.7. புள்ளியியல்படி அது உறுதியான வித்தியாசம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம் என்று சொல்லும் அளவுக்கு நிம்மதியான எண்ணும் இல்லை.

தேவி_ஸ்டாஃப்:
இருவருக்கும் வணக்கம். பதினைந்து வருஷத்துக்கு மேலாக கேஷுவாலிட்டியில் நர்ஸ். ஒரு விஷயம் கேட்கிறேன் அரைநம்பிக்கை சார். ஆறு மாதம் கழித்துப் படுக்கையில் இருக்கிற பிள்ளையைக் காட்டி, இவன் பிழைத்ததைக் கணக்கில் சேர்க்காதே என்று அவன் அம்மாவிடம் சொல்வீர்களா?

அரைநம்பிக்கை:
சொல்லமாட்டேன் அக்கா. எது முக்கிய முடிவு என்று ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைப்பது இதற்காகத்தான். முடிவு வந்த பிறகு நமக்குப் பிடித்த வரியை எடுத்துக் காட்ட ஆரம்பித்தால் எந்த மருந்தும் ஜெயித்துவிடும். அந்த அம்மாவின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும்படி அந்த ஆய்வு அமைக்கப்படவில்லை.

மயக்கமருந்துக்காரன்:
சண்டை சுவாரசியம்தான், ஆனால் இரண்டு பேரும் சின்ன விஷயத்துக்கு அடித்துக்கொள்கிறீர்கள். நான் தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பவன். டிரனெக்ஸா போட்டதா இல்லையா என்பதைவிட, என் மேஜைக்கு வரும் முன் எத்தனை பாட்டில் சலைன் ஏறியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

லண்டனில் காரிம் புரோஹி குழு 2003இல் வெளியிட்டதைப் படியுங்கள். ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மருத்துவமனை வாசலை மிதிக்கும்போதே ரத்தம் உறையும் திறன் கெட்டிருந்தது. அப்படிக் கெட்டவர்களில் 46 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 11 சதவீதம் கூட இல்லை. இந்த நிலைமையில் வருகிறவருக்கு நாம் என்ன செய்கிறோம்? பிரஷர் 80 என்று பார்த்ததும் இரண்டு கையிலும் பெரிய ஊசி குத்தி, அறைக் குளிரில் இருக்கும் சலைனை இரண்டு லிட்டர் திறந்துவிடுகிறோம். மிச்சம் இருக்கிற உறைபொருளும் நீர்த்துப்போகிறது, உடம்பு சில்லிடுகிறது, ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. ஏறின பிரஷரில், ஓட்டையை அடைத்து அப்போதுதான் பிடித்த ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு போகிறது. வயிற்றைத் திறந்தால் எங்கிருந்து என்று தெரியாமல் எல்லா இடத்திலும் கசியும். ஸ்பாஞ்ச் வைத்து எடுத்தால் சாயம் போன தண்ணீர் மாதிரி வருமே தவிர ஒரு கட்டி கூட இருக்காது. சர்ஜன் என்னைப் பார்ப்பார், நான் ரத்த வங்கிப் பையனைப் பார்ப்பேன்.

1994லேயே ஹூஸ்டனில் 598 பேரிடம் பரிசோதித்தார்கள். வழியிலேயே திரவம் ஏற்றியவர்களில் 62 சதவீதம் பிழைத்தார்கள். ஆபரேஷன் வரை காத்திருந்தவர்களில் 70. முதல் உலகப்போரிலேயே அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன், ரத்தப்போக்கை அடைக்கும் முன் பிரஷரை ஏற்றாதே என்று எழுதிவிட்டார்.

அரைநம்பிக்கை:
டாக்டர், ஹூஸ்டனில் வந்தவர்கள் மார்பிலும் வயிற்றிலும் கத்திக்குத்தோ துப்பாக்கிச் சூடோ வாங்கியவர்கள். பெரிய நகரம், சீக்கிரமே தியேட்டருக்குப் போய்விடுவார்கள். நம்மிடம் வருவது பைக்கிலிருந்து விழுந்து தலையும் இடுப்பும் உடைந்தவர்கள். தலையில் அடிபட்டவரின் பிரஷரை 80இல் விட்டு வைத்தால் மூளை என்னாகும்?

மயக்கமருந்துக்காரன்:
தலையில் அடி இருந்தால் 80இல் விடமாட்டேன், அங்கே கணக்கே வேறு. 90க்குக் கீழே ஒரு தடவை இறங்கினாலே மூளைக்குக் கேடு. நான் சொன்னது தலை தப்பித்து வயிறோ இடுப்போ உடைந்தவரைப் பற்றி. அவருக்கும் பல்ஸ் அகப்படும் அளவுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். தண்ணீராகக் கொடுக்காதே, ரத்தமாகக் கொடு என்கிறேன். சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றையும் சமமாக. அமெரிக்காவில் 680 பேரிடம் பார்த்த ப்ராப்பர் ஆய்வில் மொத்த இறப்பில் உறுதியான வித்தியாசம் வரவில்லை. ஆனால் முதல் நாளில் ரத்தம் வடிந்தே இறந்தவர்கள், சமமாகக் கொடுத்த குழுவில் 9.2 சதவீதம், மற்றதில் 14.6. கூடவே கால்சியம். ரத்தப் பையில் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், நோயாளியின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது. நாலு பை ஏறியும் கால்சியம் போடாமல் அனுப்பிய கேஸ் எல்லாம் பார்த்திருக்கிறேன்.

காவேரிக்கரை_டாக்டர்:
அண்ணே, பிளாஸ்மாவும் தட்டணுவும் இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறீர்கள். என்னிடம் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன இருக்கும்? சலைன், ஆக்சிஜன், டிரனெக்ஸா. ரத்த வங்கி அடுத்த ஊரில். உங்கள் பேச்சை ஏற்றுக்கொண்டு சலைனைக் குறைத்தால் மிச்சம் இருப்பது இந்த ஊசி ஒன்றுதான். 2018இல் 40,000 பேரின் தரவைச் சேர்த்து அலசினார்கள், விபத்துக் கேஸும் பிரசவக் கேஸும் கலந்து. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் மருந்தின் பலன் சுமார் 10 சதவீதம் குறைகிறது. ரெஃபர் பண்ணி, வண்டி பிடித்து, கல்லூரி மருத்துவமனையில் படுக்கை கிடைப்பதற்குள் அது என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

தேவி_ஸ்டாஃப்:
நடைமுறை என்ன என்று நான் சொல்கிறேன். 500 மில்லிகிராம் ஆம்ப்யூல் இரண்டு உடைத்து 100 மில்லி சலைனில் போட்டு 10 நிமிடம் ஓடவிட வேண்டும். அவசரத்தில் நேரே சிரிஞ்சில் ஏற்றித் தள்ளுகிறார்கள், பிரஷர் இறங்கிவிடுகிறது. இரண்டாவது கிராம் 8 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கழற்றுவார்கள், திரும்ப யாரும் மாட்டுவதில்லை.

இன்னொன்று, ஆம்ப்யூலைத் தனியாக வையுங்கள். முதுகில் போடும் மயக்க மருந்து என்று நினைத்து இதை எடுத்துத் தண்டுவடத்தில் போட்டு ஆள் இறந்த சம்பவங்கள் உலகம் பூராவும் நடந்து, 2022இல் உலக சுகாதார அமைப்பே எச்சரிக்கை விட்டது.

எல்லாவற்றையும்விட என் தலைவலி ரெஃபரல் சீட்டு. அடிபட்ட நேரம் எழுதியிருக்காது. ஊசி போட்டதா இல்லையா என்றும் இருக்காது. கூட வந்தவரைக் கேட்டால் "சாயங்காலம்மா" என்பார். எத்தனை மணிச் சாயங்காலம்?

பைக்_பாலா:
அப்போ நாங்கள் ரோட்டில் யாரையாவது தூக்கிவிட்டால் மணி பார்த்துக் குறித்து வைக்க வேண்டுமா?

தேவி_ஸ்டாஃப்:
கண்டிப்பாகத் தம்பி. 108க்குப் போன் போட்ட நேரம் உன் செல்லிலேயே இருக்கும், அதைச் சொன்னால் போதும். ரத்தம் கொட்டும் இடத்தைத் துணி வைத்து விடாமல் அழுத்திப் பிடி.

அரைநம்பிக்கை:
தேவி அக்கா சொன்னதில்தான் என் முழு ஆட்சேபணையும் இருக்கிறது. 3 மணி நேரத்துக்குள் என்று உறுதியாகத் தெரிந்தால், ரத்தப்போக்கு நிஜமாகவே இருந்தால், போடுங்கள், மறுக்கவில்லை. நேரம் தெரியாதவருக்கு? வீட்டிலேயே ஒரு மணி நேரம் படுக்க வைத்து, இரண்டு ஆஸ்பத்திரி சுற்றி வந்தவருக்கு? கட்டாயம் என்று விதி எழுதிவிட்டால் அவருக்கும் போடுவார்கள். நான் போடச் சொல்லமாட்டேன்.

காவேரிக்கரை_டாக்டர்:
நான் பேசுவது ரோட்டில் கிடப்பவரைப் பற்றி. 108 அங்கேயே போய்த் தூக்குகிறது, அவருக்கு எங்கே மூன்று மணி நேரம் ஆகியிருக்கப் போகிறது? ஆம்புலன்ஸில் போடு என்பதன் நியாயமே அதுதான். நேரம் தெரியாதவர்கள் எல்லாம் நம் வாசலுக்கு வந்த பிறகுதான் நேரம் தெரியாதவர்கள் ஆகிறார்கள்.

அரைநம்பிக்கை:
அப்படியென்றால் விதியை அப்படியே எழுதுங்கள்: சம்பவ இடத்தில் தூக்கியவர்களுக்கு மட்டும், ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வண்டியில் கிடையாது. அதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

காவேரிக்கரை_டாக்டர்:
மாற்றும் வண்டியிலும், சீட்டில் நேரம் இருந்து மூன்று மணி நேரம் தாண்டவில்லை என்றால் போடலாம். அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மயக்கமருந்துக்காரன்:
எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். சலைன் பாட்டிலைப் பற்றியும் அதிலேயே ஒரு வரி சேருங்கள்.