புதுப்பிப்பு: கோலாலம்பூர் வழியாகத் தனித்தனி டிக்கெட், ஒரு திருத்தமும் சில சேர்க்கைகளும்

சென்னை–கோலாலம்பூர் ஒரு டிக்கெட், அங்கிருந்து பாலிக்கு இன்னொன்று என்று பிரித்து எடுத்தால் பல நாட்களில் மலிவு என எழுதியிருந்தேன். இடையில் மூன்று மணி நேரம் போதும் என்றதைத் திருத்துகிறேன்: ஐந்துக்குக் குறைய வேண்டாம்.

தனி டிக்கெட்டில் பெட்டி பாலி வரை போகாது. குடிவரவு முடித்து மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதனால் மலேசிய நுழைவு விதி உங்களுக்கும் பொருந்தும்; டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பிவிடுங்கள். ஏர் ஏசியா டெர்மினல் 2, மலேசியா ஏர்லைன்ஸ் டெர்மினல் 1. ஒன்றிலிருந்து மற்றதற்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போகலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அந்த நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. புது டிக்கெட்தான்.

நால்வருக்குத் தேடும்போது தலைக்கு விலை ஏன் கூடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். மலிவுக் கட்டண வகுப்பில் இரண்டு இருக்கையே மிச்சமிருந்தால், பொதுவாக நால்வருக்குமே அடுத்த விலைதான் காட்டும். முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்குத் தேடிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் இரண்டிரண்டாக எடுங்கள். குழந்தை இருந்தால் மட்டும் பெரியவர் ஒருவரோடு ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) வையுங்கள், இது முக்கியம்.

ஏர் ஏசியாவில் கைப்பை வரம்பு மொத்தம் 7 கிலோ. பெட்டிக் கட்டணத்தை இரண்டு பயணத்துக்கும் சேர்த்துக் கூட்டிய பிறகே ஒரே டிக்கெட்டின் விலையோடு ஒப்பிடுங்கள்.