வேதாரண்யம் மணலில் நிற்கும் தென்னைக்கு எந்த உரம் ஏற்றது?

வினா

கஜா புயலில் தோப்பை இழந்த பின்னர், 2019ஆம் ஆண்டு நட்ட நெட்டை ரகத் தென்னைகள் இப்போது பாளை விடத் தொடங்கியுள்ளன. எங்கள் நிலம் வேதாரண்யம் பகுதியில், கடற்கரையை ஒட்டிய வெறும் மணல். காலையில் பாய்ச்சிய நீர் மாலைக்குள் பாத்தியில் இருந்த சுவடே தெரியாமல் இறங்கிவிடுகிறது. குருத்து நல்ல பச்சையாக இருந்தாலும், அடிமட்டைகளின் ஓலை நுனியிலிருந்து கருகி வருகிறது. குரும்பைகளும் பெருமளவில் உதிர்கின்றன. இதுவரை எருவும் யூரியாவும் மட்டுமே இட்டு வந்தோம். உரக்கடையில் டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) அல்லது 17:17:17 கலப்பு உரம் போதும் என்கிறார்கள். எதை வாங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

முதல் பதில்

ஐயா, வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கருகத் தொடங்கிய அடிமட்டையிலிருந்து ஓர் ஓலைக்கீற்றைக் கிழித்து வெயிலுக்கு எதிரே பிடித்தால், ஒளி ஊடுருவும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரிகின்றனவா? தெரிந்தால் அது பெரும்பாலும் சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைபாடு. புள்ளியின்றிக் கீற்றின் ஓரம் மட்டும் எலுமிச்சை மஞ்சளாகி, நடுநரம்பை ஒட்டிய பகுதி பச்சையாக நின்றால் மக்னீசியம் குறைவு. போரான் குறைந்தால் அடிமட்டையில் அல்ல, குருத்தில்தான் தெரியும். கீற்றுகள் பிரியாமல் சுருங்கி ஒட்டிக்கொண்டே வெளிவரும்.

நீங்கள் விவரிப்பது சாம்பல் சத்துக் குறைவைப் போலவே உள்ளது. அதில் யூரியாவை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் மரம் புதிய ஓலை விடும் வேகம் கூடி, பழைய ஓலைகளில் எஞ்சியிருக்கும் சாம்பல் சத்தும் மேலே இழுக்கப்பட்டுக் குறைபாடு இன்னும் தீவிரமாகும். இதே காரணத்தால், பார்வைக்கு நன்றாக இல்லை என்று மஞ்சளான மட்டைகளை முன்கூட்டியே வெட்ட வேண்டாம். குருத்துக்குச் சத்து அங்கிருந்துதான் போகிறது.

காய்க்கும் நெட்டை மரம் ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் 2 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதாவது தழைச்சத்து (நைட்ரஜன்) 560 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 320 கிராம், சாம்பல் சத்து 1,200 கிராம். டிஏபியில் சாம்பல் சத்து அறவே கிடையாது. மூன்று சத்தும் தலா 17 சதவீதம் உள்ள 17:17:17 உரத்தைக் கொண்டு அந்த 1,200 கிராமை எட்ட வேண்டுமானால் மரத்துக்கு ஏறத்தாழ 7 கிலோ இட வேண்டும். அப்போது மணிச்சத்து தேவையைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிடும், அதற்கான பணமும் வீண். தனித்தனி உரமாக வாங்குவதே சரி.

வினா எழுப்பியவர்

மிக்க நன்றி. ஒளிக்கு எதிரே பிடித்ததில் புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. மியூரியேட்டில் குளோரைடு இருப்பதால், கடலோர நிலத்துக்கு சல்பேட் வகைப் பொட்டாஷே நல்லது என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

இரண்டாம் பதில்

தென்னைக்கு அந்த அச்சம் தேவையில்லை. குளோரின் தென்னைக்கு வேண்டிய சத்துகளில் ஒன்று. கூடுதல் விலை கொடுத்து சல்பேட் வாங்குவதால் பெரிய பயனில்லை. சூப்பர் பாஸ்பேட்டிலேயே கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைத்துவிடுகின்றன.

நான் வலியுறுத்த விரும்புவது, மணலில் எதை இடுகிறோம் என்பதைவிட இட்டது வேரடியில் தங்குகிறதா என்பதே பெரிய கேள்வி. பொதுவாக ஜூன்–ஜூலையிலும் டிசம்பர்–ஜனவரியிலும் இரு தவணைகளாகப் பிரிப்பார்கள். உங்கள் மணலுக்கு அதே அளவை நான்காகப் பிரியுங்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களைத் தவிர்த்து, மழை ஓய்ந்து ஈரம் நிற்கும் சனவரியில் ஒரு தவணையைக் கட்டாயம் கொடுங்கள். கோடைத் தவணைகளை நீர் பாய்ச்சிய பாத்தியில் மட்டுமே இட வேண்டும். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் பரவலாகத் தூவிக் கொத்திவிடுங்கள். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காதீர்கள்.

மூன்றாம் பதில்

மேலே சொன்னதோடு தேங்காய் உரிமட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதி மணலில் இதற்கு இணையாக வேறொன்றை நான் கண்டதில்லை. மரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ஒன்றரை அடி ஆழத்தில் வட்டமாகக் குழி எடுத்து, உரிமட்டைகளைக் குழிவான பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, ஒவ்வோர் அடுக்கின் மேலும் மண் போட்டு மூட வேண்டும். உரிமட்டை தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைப்பதுடன், அதிலுள்ள சாம்பல் சத்தும் மெல்ல மண்ணில் இறங்கும்; ஒருமுறை புதைத்தால் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பயன் உண்டு. ஏரி வண்டல் கிடைத்தால் பாத்தியில் பரப்புங்கள். மழைக்கு முன் பாத்தியில் சணப்பை அல்லது கொளுஞ்சி போன்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, பூக்கும் தருவாயில் மடக்கி மண்ணில் சேர்த்துவிடுங்கள்.

மக்னீசியக் குறைவும் தென்பட்டால் மரத்துக்கு ஆண்டுக்கு அரை கிலோ மக்னீசியம் சல்பேட் போதும். போரான் சத்துக்கான போராக்ஸை மட்டும் குருத்தில் அறிகுறி தெரிந்தாலன்றி இட வேண்டாம். அளவு சற்று மீறினாலும் அது நஞ்சாகிவிடும்.

கருகிய ஓலை மீண்டும் பச்சையாகாது. மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலை வீதம் புதிதாக வருவனவற்றைத்தான் கவனிக்க வேண்டும். பாளையின் கரு உருவாவதிலிருந்து காய் முற்றுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆவதால், இப்போது இடும் உரத்தின் முழு விளைச்சல் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்தே கைக்கு வரும். முதல் ஆண்டில் காய் கூடவில்லையே என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள்.