புதுப்பிப்பு: ஜப்பானியத் தான்சுவில் இறுகிப்போன இழுப்பறை திறந்துவிட்டது

மெய்ஜி காலத் (1868–1912) தான்சு, அதாவது ஜப்பானிய மர இழுப்பறை அலமாரி ஒன்றின் கீழ் இழுப்பறை பாதியில் சிக்கி நிற்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. "இழைப்புளியும் உப்புத்தாளும் வேண்டாம், முதலில் ஈரப்பதத்தைக் குறையுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. அறையின் ஈரப்பதத்தை 80 சதவீதத்திலிருந்து 55க்கு மெதுவாக இறக்கியதும், இழுப்பறை செய்யப்பட்ட கிரி மரம் (பவுலோனியா என்ற லேசான மரம்) சுருங்கி வழிவிட்டது. ஹீட்டர் வைத்து அவசரமாக உலர்த்தினால் பலகை வெடிக்கும்.

எதிர்பாராத விஷயம்: அடிப்பலகையைப் பிடித்திருந்த மர ஆணி ஒன்று அரை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு, இழுப்பறை ஓடும் சட்டத்தில் பள்ளமாகக் கோடு கிழித்திருந்தது. மரச்சுத்தியால் லேசாகத் தட்டி உள்ளே இறக்கினேன். பிறகு சட்டத்தில் மட்டும் வெள்ளை மெழுகுவத்தியைத் தேய்த்தேன், இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. எண்ணெய் தடவவே கூடாது. கிரி மரம் உறிஞ்சிக் கறையாகிவிடும். ஆணி தளர்ந்திருந்தால் மூங்கில் ஆணி போடுங்கள், இரும்பு ஆணி துருப்பிடித்துப் பலகையைப் பிளக்கும்.