நூலகராக வாழ்ந்த அம்மாவின் நினைவு மலரில் எவற்றைச் சேர்க்கலாம்?

கேள்வி (மகள், ரொறன்ரோ)

எங்கள் அம்மா தமது 91ஆவது வயதில் யாழ்ப்பாணத்தில் இறைவனடி சேர்ந்தார். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று வெளியிட வேண்டிய நினைவு மலரைத் தொகுக்கும் பொறுப்பைச் சகோதரர்கள் என்னிடம் தந்திருக்கிறார்கள். தேவாரம், சிவபுராணம், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, வம்சாவளி, பேரப்பிள்ளைகளின் புலம்பல் என்ற வழமையான ஒழுங்கில் அச்சிட்டால் போதும் என்று மாமா சொல்கிறார். ஆனால் அம்மா 1950களின் பிற்பகுதியிலிருந்து ஓய்வுபெறும் வரை யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் ஓர் உள்ளூராட்சி நூலகத்தில் பணியாற்றியவர். வீட்டில் எங்களோடு கழித்த பொழுதுக்குக் குறையாமல் அந்த மண்டபத்திலும் கழித்தவரை, "அன்பான மனைவி, பாசமிகு தாய்" என்ற இரண்டு வரிகளுக்குள் அடக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

சிக்கல் என்னவென்றால், எழுதுவதற்கு ஆதாரம் ஒன்றுமே கையில் இல்லை. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது வீட்டிலிருந்த கடிதங்களும் படங்களும் நாட்குறிப்புகளும் போய்விட்டன. நூலகத்தின் பழைய பதிவேடுகளும் எஞ்சவில்லை. கே. எம். செல்லப்பா தமது வீட்டில் நூலகமொன்றைத் தொடங்கிய 1933ஆம் ஆண்டிலேயே தாமும் பிறந்ததை அம்மா பெருமையோடு சொல்வார். அந்த முயற்சியே பின்னர் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. 1981 ஜூனில் அது எரிந்ததைப் பற்றி மட்டும் அவர் எங்களிடம் பேசியதே இல்லை. அதை மலரில் எழுதுவது பொருத்தமா? அவருடைய பணிவாழ்வை எங்கிருந்து மீட்டெடுப்பது?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற ஆசிரியர், சுன்னாகம்)

அன்புப் பிள்ளைக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். உங்கள் அம்மாவிடம் புத்தகம் வாங்கிப் படித்து ஆசிரியரானவர்களுள் நானும் ஒருவன் என்பதால், ஆதாரம் இல்லை என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊரில் இன்னும் உயிரோடிருக்கும் வாசகர்களே ஆதாரம்.

எட்டாம் வகுப்பில் நான் துப்பறியும் கதைகளை மட்டுமே கேட்டு வாங்குவேன். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு, "இதையும் கொண்டுபோ, பிடிக்காவிட்டால் நாளைக்கே திருப்பித் தா" என்று இன்னொன்றையும் சேர்த்து வைப்பார். அந்த இரண்டாவது புத்தகம் ஒருமுறை பயணநூலாக இருக்கும், மறுமுறை விஞ்ஞானியின் வரலாறாக இருக்கும். திருப்பிக் கொடுக்கும்போது படித்தாயா என்று கேட்கமாட்டார், எந்த இடத்தில் நிறுத்தினாய் என்றுதான் கேட்பார். வகுப்பறையில் நான் பின்பற்றிய முறை முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது.

1981ஐப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்த அந்த நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் எரிக்கப்பட்டது. உங்கள் அம்மா ஈழநாட்டின் பழைய இதழ்களை மாதவாரியாகக் கட்டி அலமாரியின் மேல் அடுக்கி வைத்திருந்தார். அதற்குப் பின் அந்தக் கட்டுகளை வெளியே கொடுக்காமல், தமது மேசைக்கு முன் வைத்தே படிக்கச் செய்தார். அவர் வாயால் பேசாமல் இருந்திருக்கலாம், செய்தது இதுதான். இதை மலரில் தாராளமாக எழுதலாம்.

மறுமொழி 2 (நூலகர், கொழும்பு)

முதலில் ஓர் எளிய வழி. அம்மாவின் வாழ்க்கையைப் பத்தாண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு காலத்திலும் அந்த நூலகத்துக்கு வந்து போனவர்களில் இருவர் மூவரையாவது தேடிப் பிடியுங்கள். "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எல்லோரும் "நல்ல மனுசி" என்றே சொல்வார்கள். நூல்களை எப்படி அடுக்கியிருந்தார், பட்டியல் அட்டைகளைக் கையால் எழுதினாரா, தவணை தப்பினால் என்ன செய்வார், சிறுவர்களை எங்கே இருத்தினார் என்று கேளுங்கள். வேலையின் நுணுக்கத்தைக் கேட்டால் ஆளின் குணமும் தானே வந்துவிடும். எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்கள் தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811 என்ற தூயி (Dewey) நூல் வகுப்பெண்ணை அச்சிட்டதுபோல் எழுதிப் பழகியவர்கள். அவர் எழுதிய ஓர் அட்டை யாரிடமாவது கிடைத்தால் அதையே படமாக அச்சிடுங்கள்.

இரண்டாவதாக, நினைவு மலரைக் குடும்பத்துக்குள் சுற்றும் வெளியீடாக மட்டும் நினைக்காதீர்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நினைவு மலர்களைத் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறது. ஊர் வரலாறும் குடும்ப வரலாறும் எழுதுவோர் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள். ஆகையால் ஒவ்வொரு படத்தின் கீழும் இருப்பவர்களின் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். தெரியாத ஆண்டை ஊகித்து எழுத வேண்டாம். ஒரு பிரதியை அந்த எண்ணிம நூலகத்துக்கும், இன்னொன்றை யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் அனுப்பிவிடுங்கள். உயிரோடிருப்பவர்களின் முகவரி, தொலைபேசி எண்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மறுமொழி 3 (வாசகர், நல்லூர்)

மேலே சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. எனினும் தேவாரங்களைக் குறைக்கும் எண்ணம் இருந்தால், அருள்கூர்ந்து கைவிடுங்கள். எங்கள் வீட்டு முதியவர்கள் கட்டுரைகளை ஒருமுறை வாசித்துவிட்டு மூடிவிடுவார்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட சிவபுராணத்தை வருடக்கணக்காகக் கையில் வைத்துப் படிப்பார்கள். ஒரு நூலகரின் நினைவு மலர் அடிக்கடி விரிக்கப்படும் புத்தகமாக இருப்பதே சிறப்பு. மாமா கேட்பதும் நியாயமே.

மறுமொழி 4 (கேள்வி கேட்ட மகள்)

எல்லோருக்கும் நன்றி. ஈழநாடு கட்டுகளைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எவருக்குமே தெரியாது. ஆசிரியர் ஐயா எழுதியதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது அண்ணா நெடுநேரம் பேசவில்லை. மாமாவிடமும் கதைத்துவிட்டேன். முற்பகுதியில் திருமுறைகளும் திதி வெண்பாவும் பெரிய எழுத்தில் வரும். பிற்பகுதி முழுவதும் வாசகர்களின் நினைவுகள், வம்சாவளி கடைசியில். ஐயா, அந்த இரண்டாவது புத்தகத்தைப் பற்றி உங்கள் பெயரிலேயே இரண்டு பக்கம் எழுதித் தர முடியுமா? அச்சகத்தார் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். தட்டச்சு செய்ய வசதியில்லை என்றால் கையால் எழுதிய தாளைப் படமெடுத்து அனுப்பினாலே போதும், நான் பார்த்து எழுதிக்கொள்வேன்.