கியூபாவில் ஒரு சி.யூ.சி.க்கு 24 பேசோவா, 1 பேசோவா?

கேள்வி:
கியூபாவின் இரட்டை நாணயம் பற்றிப் படிக்கிறேன். சாதாரண பேசோ சி.யூ.பி., மாற்றத்தக்க பேசோ சி.யூ.சி. என்பது வரை புரிகிறது. ஒரு சி.யூ.சி.க்கு 24 பேசோ என்கிறது ஒரு கட்டுரை, 1 பேசோ என்கிறது இன்னொன்று. எது சரி?

பதில் 1:
இரண்டும் சரி, ஆள்தான் வேறு. காடேகா என்ற அரசு நாணய மாற்றுக் கடையில் பொதுமக்கள் சி.யூ.சி. வாங்க 25 பேசோ கொடுக்க வேண்டியிருந்தது, விற்றால் 24 கிடைத்தது. அரசு நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்திலோ 1 பேசோ = 1 சி.யூ.சி. = 1 டாலர் என்று இருந்தது.

கோளாறே இங்கேதான். ஒரு நிறுவனம் 100 டாலருக்கு டயர் இறக்குமதி செய்தால் செலவு 100 பேசோ என்று எழுதும். அதே டயரை உள்நாட்டில் 500 பேசோவுக்குச் செய்ய முடிந்தாலும் இறக்குமதிதான் மலிவாகத் தெரியும். காடேகா விகிதத்தில் அந்த இறக்குமதி 2,400 பேசோ! 100 டாலருக்குச் சர்க்கரை ஏற்றுமதி செய்த ஆலைக்கு வரவு வெறும் 100 பேசோ. நாட்டுக்கு டாலர் கொண்டுவந்த ஆலை ஏட்டில் நஷ்டம். எது லாபம் என்று விலை சொல்லாததால், டாலர் யாருக்கு என்பதை மேலிடமே பங்கிட்டது.

பதில் 2:
பழைய விலைகளைப் படிக்கும்போது கவனம். இரண்டு பேசோவுக்கும் டாலர் குறிதான் போட்டார்கள், 'எம்.என்.' (தேசிய நாணயம்) என்றிருந்தால் சாதாரண பேசோ. 1993-இல் டாலர் சட்டபூர்வமானது, 1994-இல் சி.யூ.சி. வந்தது. 2004 நவம்பரில் கடைகளில் டாலர் செல்லாது என்றார்கள், ரொக்க டாலரை மாற்ற 10% வரியும் போட்டார்கள். 2011-க்குப் பிறகு 100 டாலர் நோட்டுக்கு, கமிஷனும் போக, 87 சி.யூ.சி.தான் கையில் வந்தது. அதனால்தான் பயணிகளிடம் யூரோ கொண்டுபோகச் சொன்னார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 2021-இல் ஒன்றாக்கிவிட்டார்களே, ஏன் சரியாகவில்லை?

பதில் 1:
ஒழிந்தது சி.யூ.சி. நோட்டு மட்டும்தான். 2021 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் டாலருக்கு 24 பேசோ என்றார்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2,100 பேசோவானது. ஆனால் கொரோனாவில் சுற்றுலா படுத்துவிட்டது. 24-க்கு விற்க அரசிடம் டாலர் இல்லை, கடையில் சரக்கும் இல்லை. பேசோ மட்டும் பெருகியது, தெருவில் டாலர் விலை ஏறியது. அன்னியச் செலாவணி ஏற்றிய அட்டைக்கு மட்டும் விற்கும் எம்.எல்.சி. கடைகளும் 2019 முதல் இருந்தன. 2022 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு 120, நிறுவனங்களுக்கு 24 என்று மறுபடி இரண்டு விகிதம்.

அந்த 2,100 பேசோவை 24-ஆல் வகுத்தால் 87.50 டாலர், 120-ஆல் வகுத்தால் 17.50. எந்த விகிதம் என்று சொல்லாத கட்டுரையின் சம்பளக் கணக்கை எடுத்தாளாதீர்கள்.