ரிப்போர்ட் ஆப்பிலேயே இருக்கிறது, ஆனால் யார் கண்ணிலும் படவில்லை. என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
வணக்கம். ஒரு சின்ன மருத்துவமனைக்கு ஆப் செய்து கொடுத்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, சர்க்கரை உள்ளவர்களுக்கான உணவுக் குறிப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் ரிசப்ஷன் போன் காலையிலிருந்து ஓயாமல் அடிக்கிறது: "ரிப்போர்ட் வந்துடுச்சா?" போன வாரம் நேரில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பாட்டி போனை நீட்டி, "இதுல ரிசல்ட் எங்க தம்பி இருக்கு?" என்றார். முகப்பை மேலும் கீழும் தள்ளினாரே தவிர, இடது மூலையில் இருக்கும் மூன்று கோட்டு மெனு அடையாளத்தைத் தொடவே இல்லை. அதைத் தொட்டு, 'சேவைகள்' போய், அதற்குள் 'நோயாளர் ஆவணங்கள்' போனால்தான் ரிப்போர்ட். முகப்பில் பெரிதாக ஓடுவது மாஸ்டர் ஹெல்த் செக்கப் விளம்பரம். இத்தனைக்கும் ரிப்போர்ட் தயாரானதும் லிங்க்கோடு எஸ்எம்எஸ் போகிறது. கோளாறு எங்கே?

கோடிங்கண்ணன்:
நோட்டிஃபிகேஷன் அனுப்புங்கள். வேலை முடிந்தது.

பழைய டிசைனர்:
முடியாது. நோட்டிஃபிகேஷனைத் தள்ளிவிட்டு, மறுநாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்துதான் தேடுவார்கள். அந்த மூன்று கோடு 1981-ல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது. நமக்குப் பழகிவிட்டது, பாட்டிக்கு அது வெறும் கோடு. ஆப், இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் நீல்சன் நார்மன் குழு 2016-ல் 179 பேரை வைத்துச் சோதித்தது. மொபைலில் மெனு முழுக்க ஒளிந்திருந்தபோது 57% தடவைதான் அதைப் பயன்படுத்தினார்கள். முக்கியமான சிலவற்றை மட்டும் வெளியே எடுத்து வைத்தபோது 86%. ரிப்போர்ட்டைக் கட்டை விரல் எட்டுகிற மாதிரி கீழ்ப்பட்டையில் வையுங்கள். அப்புறம், மருத்துவமனையில் 'சேவைகள்' என்றால் ஸ்கேன், எக்ஸ்ரே என்றுதான் நினைப்பார்கள். தன் ரிப்போர்ட்டை அங்கே யார் தேடுவார்? அது சரி, எஸ்எம்எஸ் லிங்க் எங்கே திறக்கிறது?

வைகைக்கரை:
...முகப்பில்.

பழைய டிசைனர்:
அப்படிச் சொல்லுங்கள்!

நைட் டியூட்டி:
நான் நர்ஸ். 'நோயாளர் ஆவணங்கள்' என்று எங்கள் வார்டில் ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. ரிப்போர்ட், சீட்டு, அவ்வளவுதான். ஹெச்பிஏ1சி என்ற சர்க்கரைப் பரிசோதனையே எங்களுக்கு "மூணு மாச சுகர்". உணவுக் குறிப்பைத் தனி மெனுவில் வைத்தால் அது தூங்கும். எண்ணைப் பார்த்த கையோடு "அப்போ நான் என்னதான் சாப்பிடறது?" என்று கேட்பார்கள். சுகர் எண்ணுக்கு நேர் கீழே வையுங்கள், படிப்பார்கள்.

வைகைக்கரை (பத்து நாள் கழித்து):
மாற்றிவிட்டேன். கீழ்ப்பட்டையில் முதலில் 'பரிசோதனை முடிவுகள்' என்று போட்டேன். சின்ன போன்களில் 'பரிசோத…' என்று நறுக்கிக் காட்டியது. 'ரிப்போர்ட்' கச்சிதமாக உட்கார்ந்தது. லிங்க்கும் இப்போது நேராக ரிப்போர்ட்டுக்கே போகிறது. விளம்பரத்தைக் கீழே இறக்க நிர்வாகத்தோடு இரண்டு நாள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, அது தனிக் கதை. போன் குறைந்திருக்கிறது. ஆனால் புதுத் தலைவலி: 108 பட்டனையும் அதே பட்டையில் 'ரிப்போர்ட்' பக்கத்தில் வைத்தேன். விரல் தவறி ஆம்புலன்ஸுக்கு அழைப்பு போகிறது.

பழைய டிசைனர்:
ஐயோ, உடனே எடுங்கள். மேலே வலது மூலையில் தனியாக, சிவப்பில். தொட்டதும் அழைப்பு போகக் கூடாது. 108 என்ற எண் டயல் திரையில் வந்து நிற்கட்டும், பச்சையை அவர்களே அழுத்தட்டும்.