நிலத்தடி நீர் அறிக்கை "அறிவுசார் சொத்து" ஆகுமா?

கேள்வி (ராணிப்பேட்டைவாசி):
பாலாற்றங்கரையில் உள்ள எங்கள் ஊர்க் கிணறுகளின் நீரை அரசுச் செலவில் ஆய்ந்த ஒரு தனியார் நிறுவனத்தின் அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டேன். அது அந்நிறுவனத்தின் அறிவுசார் சொத்து என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்தால் பயன் உண்டா?

மறுமொழி 1:
உண்டு ஐயா. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவு, தகவல் வெளியானால் மூன்றாம் தரப்பினரின் போட்டி நிலை பாதிக்கப்படும் என்றால்தான் மறுக்க இடம் தருகிறது. பரந்த பொதுநலன் இருந்தால் அந்தத் தடையும் விலகும். கிணற்று நீரில், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் எவ்வளவு என்பது எந்தப் போட்டியாளருக்கு உதவுமாம்? தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இலேயே, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் மனுவில் சேருங்கள். மறுப்புக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போய்ச் சேர வேண்டும்.

மறுமொழி 2:
ஒப்பந்த நகலையும் தனி மனுவில் கேளுங்கள். அரசின் பணிப்பில் உருவான படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதவரை, 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்கே உரியது. நிறுவனத்தின் ஆய்வு முறை உண்மையிலேயே வணிக இரகசியம் என்றால், தகவல் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி அப்பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைத் தரலாம்.

கேட்டவர்:
நன்றி. இரண்டு மனுக்களையும் திங்களன்றே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.